மூன்றாம் கியர் மட்டும் ஏன் கழன்றது

குமுளியிலிருந்து லோயர் கேம்புக்கு இறங்கும் மலைப்பாதையில், போன ஆடி மாதம், எங்கள் ஜீப்பின் மூன்றாம் கியர் முதல்முறையாகத் தானே கழன்று நியூட்ரலுக்கு வந்தது. பக்கத்து சீட்டில் அம்மா. பின்னால் தோட்ட வேலை முடிந்து எங்களோடு திரும்பும் நான்கு பேர். ரோட்டில் மழை ஈரம் காயவில்லை. இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதில் பாதி வேலை பிரேக்குக்கு, பாதி இன்ஜினுக்கு. கியர் கழன்றால் இன்ஜினின் பிடி போய்விடும். மொத்த எடையும் பிரேக் மேல் வந்துவிடும். வண்டி நழுவியது போல இருந்தது, அடிவயிறு கலங்கிவிட்டது. பிரேக்கை மிதித்து, இரண்டாம் கியரைப் போட்டு, ஓரங்கட்டினேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மெதுவாப் போப்பா" என்று மட்டும் சொன்னார்.

வண்டி 2003 மாடல் டீசல் ஜீப், ஐந்து கியர். அப்பா வாங்கியது. எங்கள் வீடு கம்பத்தில், சின்ன ஏலத்தோட்டம் வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில். போகும்போது கம்பமெட்டு வழி, திரும்பும்போது சாமான் வாங்க வேண்டியிருந்தால் குமுளி வழி. வாரத்துக்கு மூன்று நாளாவது மலை ஏறி இறங்கும் வண்டியில் இப்படி ஒரு கோளாறை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது.

நாங்கள் வழக்கமாக வண்டி விடும் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் தம்பி கூடலூர் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார். கியர் கழலவே இல்லை. "அண்ணே, நமக்கு முன்னாடி வந்தாத்தானே என்னன்னு சொல்ல முடியும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எப்போதாவது வரும் கோளாறில் இதுதான் தொல்லை, பட்டறை வாசலில் அது வராது.

இருந்தாலும் கியர் பாக்ஸின் மேல் மூடியைத் திறந்து லாக் ஸ்பிரிங்கையும் அதனோடு இருக்கும் இரும்பு உருண்டையையும் மாற்றினார். கியர் போட்டதும் கியர் பாக்ஸுக்குள் நகரும் கம்பியில் ஒரு பள்ளம் இருக்கும். ஸ்பிரிங் அந்தச் சின்ன உருண்டையைப் பள்ளத்தில் அழுத்தி, கியர் நகராமல் பிடிக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் கியர் கழன்றுவிடும். நியாயமான சந்தேகம், செலவும் குறைவு. அதன்பிறகு பத்து நாள் ஒன்றும் வரவில்லை, சரியாகிவிட்டது என்று நம்பிவிட்டேன். மழையால் அந்தப் பத்து நாளும் நான் மலைக்கே போகவில்லை என்பது அப்போது மண்டையில் உறைக்கவில்லை. பதினோராம் நாள் அதே பாதையில் அதே மூன்றாம் கியர் கழன்றது.

இன்னொரு பட்டறையில் கேட்டேன். கியர் பாக்ஸை இறக்க வேண்டும், மூன்றாம் கியரின் சின்க்ரோவோ (கியர் உரசாமல் சேர உதவும் பித்தளை வளையம்) ஃபோர்க்கோ (உள்ளே கியரை நகர்த்தும் கவை) தேய்ந்திருக்கும், இறக்கி ஏற்றக் கூலி மட்டும் எட்டாயிரம், உள்ளே போடும் சாமான் தனி என்றார்கள். பணத்தைவிட எனக்கு வேறு பயம். பழைய கியர் பாக்ஸைத் தேவையில்லாமல் பிரித்தால், அதுவரை ஒழுங்காக இருந்ததும் கெட்டுப்போகும். ஒரு வாரம் டைம் கேட்டேன்.

அந்த ஒரு வாரத்தில் செய்த ஒரே உருப்படியான காரியம், ஏலக்காய்க் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுத ஆரம்பித்ததுதான். கியர் கழன்றால் எந்த இடம், எந்த கியர், ஏற்றமா இறக்கமா, கால் எதன்மேல் இருந்தது, வண்டியில் எத்தனை பேர். வண்டியை நிறுத்திய உடனே எழுதினேன். வீட்டுக்கு வந்து எழுதினால் நமக்கு வேண்டியபடி ஞாபகம் மாறிவிடுகிறது. மலையில் ஆள் ஏற்றாமல், மூன்றாம் கியரிலும் இரண்டாம் கியரில் இறங்கும் வேகத்தைத் தாண்டாமல்தான் ஓட்டினேன்.

ஏழு முறை எழுதியிருந்தேன். ஆறு முறை மூன்றாம் கியர், எல்லாமே இறக்கத்தில், கால் பிரேக்கில் இருக்கும்போது. ஏற்றத்தில் ஒருமுறைகூட இல்லை. இரண்டாம் கியரும் நான்காம் கியரும் கழன்றதே இல்லை. ஏழாவதுதான் என்னை உட்கார வைத்தது. சின்னமனூருக்கு முன்னால் சமதரையில், குறுக்கே வந்த ஆடுகளுக்காக அழுத்திப் பிரேக் போட்டபோது ஐந்தாம் கியர் கழன்றது.

மூன்றையும் நான்கையும் நகர்த்துவது ஒரே ஃபோர்க். ஐந்தாம் கியருக்கு வேறு ஃபோர்க். மூன்றின் ஃபோர்க் தேய்ந்திருந்தால் ஐந்து ஏன் கழல வேண்டும்? ஒரே நேரத்தில் இரண்டும் கெட்டிருக்கலாம்தான், ஆனால் மனம் ஒப்பவில்லை. மூன்றுக்கும் ஐந்துக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று யோசித்தபடி, வண்டியை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தேன். கைக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய கியர்களுக்கு, கையால் பிடித்துப் போடும் கியர் ராடு முன்பக்கம் போகிறது. இரண்டும் நான்கும் பின்பக்கம். முதல் கியரில் நான் வேகமாக இறங்குவதே இல்லை, அதனால் அது கணக்கில் வரவில்லை.

அப்படியானால் பிரேக் போடும்போது ஏதோ ஒன்று கியர் ராடை முன்னாலிருந்து பின்னால் தள்ளுகிறது.

மறுநாள் என் கூடப்பிறந்த தம்பியைக் கூட்டிக்கொண்டு லோயர் கேம்பில் பென்னிகுவிக் மணிமண்டபத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ராடைச் சுற்றியிருந்த ரப்பர் உறையைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தோம். ராடின் முன்பக்கம் ஒரு விரற்கடை அளவு துருவே இல்லாமல் பளபளவென்று இருந்தது. நேர் எதிரே ஃப்ளோர் தகட்டு ஓட்டையின் விளிம்பிலும் பெயின்ட் போய், இரும்பு தெரிந்தது. நிற்கும் வண்டியில் இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. விளிம்பில் சாக்பீஸைத் தடவிவிட்டு, மேலே போய் மூன்றாம் கியரில் மெதுவாக இறங்கினோம். இரண்டாவது வளைவில் கியர் கழன்றது. நிறுத்திப் பார்த்தால் ராடில் வெள்ளையாகச் சாக்பீஸ் ஒட்டியிருந்தது. தம்பி என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டான்.

இந்த வண்டியில் கியர் ராடு கியர் பாக்ஸின் தலையிலேயே நிற்கிறது. ராடு முன்னால் வருகிறது என்றால் கியர் பாக்ஸே முன்னால் வருகிறது. அதை அசையாமல் பிடிக்க வேண்டியவை மவுண்டுகள், அதாவது இன்ஜினையும் கியர் பாக்ஸையும் தாங்கும் ரப்பர் தாங்கிகள். இதோடு குமுளியில் ஜீப் வேலையே பார்த்து வயதான ஒரு சேட்டனிடம் போனேன். நோட்டைக் காட்டி, சாக்பீஸ் கதையைச் சொன்னேன். "பெட்டி அழிக்கண்ட மோனே" என்றார். மலையாளத்தில் அழிப்பது என்றால் கழற்றுவது, கியர் பாக்ஸைக் கழற்ற வேண்டாம் என்கிறார். வண்டிக்கு அடியில் போய், கியர் பாக்ஸின் கீழே ஒரு மரக்கட்டையை வைத்து ஜாக்கியை மெல்ல ஏற்றினார். க்ராஸ் மெம்பர் என்ற குறுக்குச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்த பின் மவுண்டின் ரப்பர், தகட்டை விட்டு வாயைப் பிளந்தது. ஜாக்கியை இறக்கியதும் அந்த வாய் மூடிக்கொண்டது, கிழிசலே தெரியவில்லை. இரண்டு பட்டறையிலும் கண்ணில் படாததற்குக் காரணம் இதுதான். நிற்கும்போது கியர் பாக்ஸின் எடையே கிழிசலை மூடி வைத்துக்கொள்கிறது. இறக்கத்தில் பிரேக் போட்டால் இன்ஜினும் பெட்டியும் சேர்ந்து முன்னால் பாய்கின்றன. ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால் மூன்றாம் கியருக்கு ஒன்றும் ஆவதில்லை.

ரப்பர் ஏன் கிழிந்தது என்பதையும் அவரே காட்டினார். கியர் பாக்ஸின் பின்பக்கம் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீலில் கசிவு. சொட்டுச் சொட்டாக ஆயில் ரப்பரில் ஊறி அதை இளக்கிவிட்டது. மவுண்டை மட்டும் மாற்றினால் அடுத்த வருஷம் அதே கதைதான். ஆயில் சீலையும், நசுங்கிப்போயிருந்த இரண்டு முன் மவுண்டையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். பழைய கியர் ஆயிலை வடித்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தார். சின்க்ரோ தேய்ந்திருந்தால் பித்தளைத் தூள் பொன் நிறத்தில் மின்னும், பல் உடைந்திருந்தால் இரும்புச் சில்லு வரும். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் மை போலக் கொஞ்சம் கசடு மட்டும் இருந்தது, இந்த வயது வண்டிக்கு அது சகஜம் என்றார். புது 80டபிள்யூ-90 ஆயில் ஊற்றி மூடினோம். கூலி, சாமான் எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள் முடிந்தது.

அன்று சாயங்காலம் நானும் தம்பியும் மட்டும் இறங்கினோம். மூன்றாம் கியர், கால் பிரேக்கில், கை ஸ்டியரிங்கில். தம்பி டார்ச்சோடு குனிந்து ராடையே பார்த்துக்கொண்டு வந்தான். லோயர் கேம்ப் வரை ராடு விளிம்பைத் தொடவில்லை. ஒரு வாரம் இப்படி ஆளில்லாமல் ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் அம்மாவை ஏற்றினேன். நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. மாதம் ஒருமுறை ரப்பர் உறையைத் தூக்கி இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்து, தேதியை அதில் எழுதி வைக்கிறேன்.