ஐகேட் ஓடுகிறது: பாஸ்கோடும் சார்ஜரும் படுத்திய பாடு

ஒருவழியாகத் தாம்பரத்தில் என் ஏபிஆர்எஸ் ஐகேட் மேப்பில் வந்துவிட்டது. ஹாம்கள் (அமெச்சூர் ரேடியோக்காரர்கள்) இருப்பிடத்தையும் குறுந்தகவலையும் ரேடியோவில் பரிமாறும் முறை ஏபிஆர்எஸ்; அதை ரேடியோவிலிருந்து இன்டர்நெட்டுக்கு ஏற்றும் நிலையம் ஐகேட். ஹாம் நண்பர்களின் கார் டிராக்கர் 144.800 மெகாஹெர்ட்ஸில் விடும் பேக்கெட்டை (சிறு தகவல் துண்டை) மொட்டை மாடி ஆண்டெனா பிடிக்கிறது, ராஸ்பெர்ரி பை அதை இன்டர்நெட்டில் ஏற்றிவிடுகிறது. பட்ட பாட்டில் முக்கால்வாசி தேவையே இல்லாதது. அடுத்து வைக்கப்போகிறவர்களாவது தப்பிக்கட்டும்.

ஆர்டிஎல் டாங்கிள் (யுஎஸ்பி ரிசீவர்) வாங்கியது, டயர்வுல்ஃப் (பேக்கெட்டை டீகோட் செய்யும் மென்பொருள்) போட்டது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. மாட்டிக்கொண்டது பாஸ்கோடில்.

ஏபிஆர்எஸ் சர்வரில் நுழையக் கேட்கும் எண்தான் அது; லைசென்ஸில் உள்ள கால்சைனை (நம் நிலையத்தின் அடையாளப் பெயரை) வைத்துக் கணக்கிடுவார்கள். அதைத் தருபவர்களுக்கு லைசென்ஸ் நகலை அனுப்பிக் கேட்டேன். பதிலே இல்லை. மறுபடி எழுதிய பிறகு ஓர் எண் வந்தது. போட்டேன்; சர்வரில் கனெக்ட் ஆகிவிட்டது, திரையில் பேக்கெட்டும் ஓடுகிறது, மேப்பில் மட்டும் ஒன்றுமே இல்லை. கேட்டால், "எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு சார், உங்க நெட்டைப் பாருங்க" என்று பதில். நெட்டை மாற்றி, ரூட்டரை மாற்றி, பொழுது போனதுதான் மிச்சம்.

கடைசியில் லாகை மேலிருந்து வரிவரியாகப் படித்தபோது கண்ணில் பட்டது: சர்வர் பதில் தரும் 'லாக்ரெஸ்ப்' வரியில் 'அன்வெரிஃபைட்' (சரிபார்க்கப்படவில்லை). பாஸ்கோட் தப்பாக இருந்தாலும் சர்வர் உள்ளே விட்டுவிடும். நாம் அனுப்புவதை மட்டும் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அவர்கள் என் கால்சைனில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டுக் கணக்கிட்டிருக்கிறார்கள்! ஸ்கிரீன்ஷாட் அனுப்பியதும் புது எண் வந்தது, ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. ஆகவே முதலில் அந்த வரியைப் பாருங்கள். கால்சைனுக்குப் பின்னால் -10 என்று நிலைய எண் போட்டாலும் போடாவிட்டாலும் பாஸ்கோட் ஒன்றுதான்.

அடுத்தது காது கேட்காத ரிசீவர். ஜிஎஸ்டி ரோட்டில் நண்பர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் போகிறார், ஒரு பேக்கெட்கூட டீகோட் ஆகவில்லை. கடையில் கனெக்டர் போட்டு வாங்கிய ஆர்ஜி-58 ஆண்டெனா கேபிளை மல்டிமீட்டரில் பார்த்தால் ஷீல்டு கனெக்டரைத் தொடவே இல்லை. கிரிம்ப்புக்குள் பின்னல் கம்பியை ஒட்ட வெட்டிவிட்டிருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கினாலும் மாட்டும் முன் சோதித்துவிடுங்கள்.

அதைச் சரிசெய்தும் பாதி பேக்கெட்தான் வந்தது. சந்தேகத்தில் ராஸ்பெர்ரி பையை பவர் பேங்கில் மாற்றினேன். இரைச்சல் அப்படியே அடங்கியது! எல்லாம் அந்த மலிவு சார்ஜரின் வேலை. நல்ல சப்ளை ஒன்றும் கேபிளில் ஃபெரைட்டும் (இரைச்சலைத் தடுக்கும் வளையம்) போட்ட பிறகு டயர்வுல்ஃப் காட்டும் ஆடியோ லெவல் 50-ஐ ஒட்டி நிலையாக நிற்கிறது.

ஆண்டெனாவுக்கு அசோசியேஷன் செயலாளர், "இடி விழுந்தா யார் சார் பொறுப்பு?" என்றார். நியாயமான கேள்வி. 49 சென்டிமீட்டர் குச்சியையும் அதன் அடியில் விரியும் நான்கு ரேடியல் கம்பிகளையும் கையில் கொடுத்து, எர்த் வயர் எங்கே இறங்கும் என்று காட்டினேன். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் இடம் கொடுத்தார்.

ஒரு சாயங்காலம் ரிசீவரை 145.825 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றி விண்வெளி நிலையம் கடக்கும்வரை காத்திருந்தேன். நிலையத்தின் வேகத்தால் வரும் டாப்ளரில் அலைவரிசை 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் நகர்ந்தும், அதன் டிஜிபீட்டர் (கேட்ட பேக்கெட்டை மறுபடி ஒலிபரப்பும் கருவி) திருப்பி அனுப்பிய பேக்கெட் ஒன்று முழுசாக டீகோட் ஆனது. அந்தக் குச்சியில்! பட்ட எரிச்சலெல்லாம் அங்கேயே போய்விட்டது.

இரண்டு வேண்டுகோள். பேக்கெட்டை மற்ற நிலையங்கள் எத்தனை முறை திருப்பி அனுப்பலாம் என்று சொல்லும் அமைப்பில், காருக்கு வைட்1-1, வைட்2-1 போதும். எல்லோருக்கும் ஒரே சேனல், அதற்கு மேல் போட்டு நெரிக்காதீர்கள். ஐகேட்டின் பீக்கனை (தன் இருப்பிட அறிவிப்பை) இன்டர்நெட்டுக்கு மட்டும் அனுப்புங்கள்.

என்னுடையது இப்போதைக்குக் கேட்க மட்டும்தான். காரில் இருப்பவருக்கு யாராவது மெசேஜ் அனுப்பினால் என்னால் அதை ரேடியோவில் திருப்பிக் கொடுக்க முடியாது. ஏபிஆர்எஸ்ஸை உருவாக்கிய பாப் ப்ருனிங்கா இதை வெறும் வண்டி டிராக்கராக நினைக்கவே இல்லை. இருபக்கமும் தகவல் போய்வர வேண்டும் என்றுதான் சொல்லிவந்தார். பழைய விஎச்எஃப் செட் ஒன்று கேட்டு வைத்திருக்கிறேன், வந்ததும் டிரான்ஸ்மிட்டும் சேர்த்துவிடுவேன்.