அந்தப் படங்களைப் பார்த்திருக்கலாம்

"சார், நான் கேட்டது லைட்டைப் பத்தி. நீங்க சொன்னது உங்க லைட்டைப் பத்தி."

படகில் ஏறியதும் சொன்னார். கோபமெல்லாம் இல்லை. ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டே, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவதுபோல அவ்வளவு சாதாரணமாக. நானும் சிரித்து வைத்தேன். இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. டைவ் முடிந்து கேமராவை நல்ல தண்ணீரில் ஊறப்போடும்போதெல்லாம் அந்தப் பேச்சு எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

எங்கள் குழுவில் அவர் புதிது. பவளப்பாறையில் உள்ள சின்ன உயிர்களைப் படமெடுத்துப் பதிவுசெய்வது அவர் வேலை: நுடிபிராங்க் என்ற ஓடில்லாத கடல் நத்தை, இறால், விரல் நீளத்துக்கும் குறைவான மீன்கள். கையில் சின்னதாக ஒரே ஒரு ஸ்ட்ரோப், அதாவது தண்ணீருக்கடியில் பயன்படுத்தும் ஃபிளாஷ் லைட், வைத்திருந்தார். கேமரா விவகாரம் எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு என்பதால் என்னிடம் கேட்டார். கேட்டது இப்படி: "இன்னொண்ணு வாங்கலாமா, இல்ல இதையே மாத்தணுமான்னு தெரியல சார். என் படங்களைப் பார்த்துட்டுச் சொல்றீங்களா?"

நான் அப்போது, தண்ணீர் புகாமல் அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் ஒன்றுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலேயே, "படமெல்லாம் அப்புறம் பார்க்கலாம். பெரிய ஸ்ட்ரோப் ரெண்டு வாங்கிடுங்க, ஒரே மாடல்ல. அதை மாட்டுற ஆர்ம் நீளமா இருக்கட்டும்" என்றேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

சொன்னது தவறா? இன்றைக்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஸ்ட்ரோப் என்றால் மறுபக்கம் கறுத்த நிழல் விழும். ஒருமுறை எனக்கே டைவ் நடுவில் ஒன்று செத்துப்போனது. ஓ-ரிங்கில் ஒரு முடி சிக்கி பேட்டரி அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மற்றொன்று இருந்ததால் அன்றைய வேலை கெடவில்லை. ஒரே மாடல் என்றதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு ஸ்ட்ரோபின் வெளிச்சத்துக்கும் ஒரு நிறம் இருக்கிறது, அதைக் கெல்வினில் அளப்பார்கள். ஒன்று 4,800 கெல்வின், இன்னொன்று 5,600 என்றால் மீனின் ஒரு கன்னம் மஞ்சளாகவும் இன்னொரு கன்னம் நீலமாகவும் வந்து நிற்கும். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதைச் சரிசெய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பெரியது ஏன் என்றால், தண்ணீர் வெளிச்சத்தைத் தின்கிறது. ஐந்து மீட்டர் இறங்குவதற்குள்ளேயே சிவப்பில் பெரும்பகுதி போய்விடும். ஸ்ட்ரோபின் வெளிச்சமும் போகும்போது ஒருமுறை, திரும்பி லென்ஸுக்கு வரும்போது ஒருமுறை என்று இரண்டு தடவை தண்ணீரைக் கடக்க வேண்டும். இதை விளக்க வகுப்பில் நான் எப்போதும் ஒரு கதை சொல்வேன். 1926இல் ஃபுளோரிடாவை ஒட்டிய டிரை டோர்ட்டுகாஸ் தீவுகளில் வில்லியம் லாங்லியும் சார்லஸ் மார்ட்டினும் முதன்முதலாகக் கடலுக்கடியில் வண்ணப் படம் எடுத்தார்கள். வெளிச்சத்துக்கு, மேலே ஒரு மிதவையில் மக்னீசியம் பொடியைக் குவித்து வைத்து வெடிக்கவிட்டார்கள். லாங்லிக்கு ஒருமுறை தீக்காயமே பட்டது. "அவங்க அவ்வளவு பாடுபட்டாங்க, நமக்கு ரெண்டு பெட்டி தூக்கக் கஷ்டமா?" என்று முடிப்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் அந்த வகுப்பில் இருந்தார், சிரித்தார்.

ஆனால் அவர்கள் எடுத்தது மீனும் பாறையுமாக ஒரு காட்சியை. இவர் எடுப்பது இரண்டு சென்டிமீட்டர் நுடிபிராங்கை.

அவர் சொன்னதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஸ்ட்ரோபின் சக்தியைச் சொல்லும் கைடு நம்பரை மீட்டர் கணக்கில் தூரத்தால் வகுத்தால் அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் துளையின் எஃப் எண் வரும் (எண் பெரிதானால் துளை சின்னது, வெளிச்சம் அதிகம் வேண்டும்), இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெட்டியில் போட்டிருக்கும் கைடு நம்பர் காற்றுக்கானது. தண்ணீரில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அவருடைய பழைய ஸ்ட்ரோபுக்கு 20 என்றால் தண்ணீரில் 7. அகலமான காட்சியை எடுக்கும் வைட் ஆங்கிளில் ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் விசிறிப் பவளத்துக்கு எஃப்/7தான், இழுபறி. அதுவே 33 என்றால் எஃப்/11. அதனால்தான் நான் பெரியதைச் சுமக்கிறேன். ஆனால் அவர் ஸ்ட்ரோப் நிற்பது பொருளிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் தூரத்தில். 7ஐ 0.15ஆல் வகுத்தால் 46க்கு மேல் வருகிறது. சின்னதை நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸ் அவ்வளவு நெருக்கத்தில் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கிவிடும், அதாவது எஃப் எண் பாதியாகும், சரி, விழுங்கட்டும். அப்போதும் எஃப்/16க்குத் தாராளமாகக் காணும். அதாவது அவர் கையில் இருந்ததே போதும்.

இந்தக் கணக்கு எனக்குத் தெரியாததா? வகுப்பில் நானே கரும்பலகையில் போடுகிற கணக்கு. அவர் கேட்டபோது மட்டும் போடவில்லை.

புதிய ஸ்ட்ரோப்கள் வந்து முதல் டைவ். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் கேமராவை நீட்டியதும் முன்பக்கம் கீழே இழுத்தது. நீளமான ஆர்ம் இரண்டும் விரிந்து நண்டுக் கால்போல நின்றன. மேக்ரோவுக்கு ஸ்ட்ரோப் இரண்டும் லென்ஸுக்கு முன்னுள்ள கண்ணாடியான போர்ட்டை ஒட்டி உள்ளே வர வேண்டும். அந்த ஆர்மை மடக்கினால் முழங்கை மாதிரி மேலேயும் கீழேயும் துருத்துகிறது. ஒரு கையால் அதைச் சரிசெய்துகொண்டே, இழுக்கிற பாரத்தைத் தூக்க காலை ஒரு உதை உதைத்தார். துடுப்பு பின்னால் இருந்த மான்கொம்புப் பவளத்தில் பட்டது. விரல் நீளத்துக்கு ஒரு கிளை முறிந்து மணலில் விழுந்தது. வெள்ளையாக இருந்தது, முறிந்த இடம்.

அவர் திரும்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மாஸ்க்குக்குள் முகம் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அந்த டைவில் அதற்கப்புறம் அவர் ஒரு படமும் எடுக்கவில்லை.

மான்கொம்புப் பவளம் வேகமாக வளரும் வகை, ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர்கூட வளரும், முறிந்த துண்டே வேறிடத்தில் ஒட்டி வளர்வதும் உண்டு. இதைப் பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைதான். ஆனால் பவளத்தைக் காப்பதற்காக அதைப் படமெடுக்கப் போனவர்கள் நாங்கள்.

படகில் முதலில் வாயைத் திறந்தது நான். "தண்ணிக்குள்ள நிலையா மிதக்க இன்னும் கொஞ்சம் பழகணும்" என்றேன். அதற்குப் பதிலாகத்தான் அந்தப் பேச்சு வந்தது.

இப்போது யோசித்தால் அவர் சொன்னதும் முழுக்கச் சரியில்லை. என் லைட்டைப் பற்றியாவது நான் முழுதாகச் சொல்லியிருந்தால் அந்தக் கிளை முறிந்திருக்காது. என் ஆர்மில் மிதவைகள் மாட்டியிருக்கிறேன். அதனால்தான் என் கேமரா தண்ணீரில் கையைவிட்டாலும் அப்படியே நிற்கும். எப்போது மாட்டினேன் என்பதுகூட மறந்துபோய்விட்டது. அது இருப்பதே என் கண்ணில் படுவதில்லை. அவருக்குப் பட்டியல் சொன்னபோது ஸ்ட்ரோப் சொன்னேன், ஆர்ம் சொன்னேன், மிதவை நினைவுக்கே வரவில்லை. பழகியவனிடம் யோசனை கேட்பதில் உள்ள சிக்கல் இதுதானோ என்னவோ. அல்லது இது என் கவனக்குறைவுக்கு நான் சூட்டும் நல்ல பெயரோ.

அவர் படங்களைப் பிறகு பார்த்தேன். அவராகக் காட்டவில்லை, மாத அறிக்கைக்காகப் பழைய கோப்புகளைத் திறக்க வேண்டியிருந்தது. நூற்றுக்கும் மேல் இருந்தன. எல்லாம் பழைய ஒற்றை ஸ்ட்ரோபில் எடுத்தவை. வெளிச்சம் எல்லாவற்றிலும் போதுமான அளவு இருந்தது. குறை ஒன்றே ஒன்று: ஸ்ட்ரோபை எப்போதும் இடதுபக்கம் மேலே, ஒரே இடத்தில் வைத்து எடுத்திருந்தார். நிழல் எல்லாப் படத்திலும் ஒரே பக்கம். அதை நேர் மேலே கொண்டுவந்து லேசாக முன்னால் சாய்த்து, வெளிச்சத்தைப் பரப்பும் டிஃப்யூசர் ஒன்று மாட்டியிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். வெள்ளை நுடிபிராங்க் கறுப்பு மணலில் இருந்த சில படங்களில் வெளிச்சத்தைத் தானாக அளந்து தரும் டிடிஎல் ஏமாந்து வெளிறவைத்திருந்தது. மேனுவலுக்கு மாறச் சொல்லியிருந்தால் அதுவும் போச்சு. பத்து நிமிட வேலை. வாங்க வேண்டியது ஒன்றுமே இல்லை.

இதை அவரிடம் சொன்னேனா என்றால், ஸ்ட்ரோபை மேலே வைக்கச் சொன்னேன், மிதவையும் வாங்கிக் கொடுத்தேன். "முதல்லயே பார்த்திருக்கணும்" என்பதைச் சொல்லவில்லை. அவர் இப்போது நன்றாக எடுக்கிறார். ஆனால் பெரும்பாலும் ஒரு ஸ்ட்ரோபோடுதான் இறங்குகிறார். இன்னொன்று பெட்டியில் கிடக்கிறது. வைட் ஆங்கிள் எடுக்க வேண்டிய நாளில் அதை வெளியே எடுத்து மாட்டுவார். அந்த நாட்களில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி வருகிறது, பார்த்தாயா, நான் சொன்னது வீண் போகவில்லை என்று. அந்த மகிழ்ச்சி எனக்கே பிடிக்கவில்லை.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதே கேள்வியை அனுப்பியிருந்தார், எந்த ஸ்ட்ரோப் வாங்கலாம் என்று. "முதல்ல உங்க படங்களை அனுப்புங்க" என்று பதில் போட்டேன். நாற்பது படம் அனுப்பினார். மூன்றாவது படத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "ஒரே மாடல்ல ரெண்டு" என்பது வரை டைப் செய்துவிட்டிருந்தேன்.