வில்ட்ஷயரில் ஒரு மெட்ராஸ் சக்கரம்

லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறினால் வில்ட்ஷயரில் இருக்கும் சாலிஸ்பரிக்கு ஒன்றரை மணி நேரம். வெளியூர்க்காரர்கள் அங்கே இறங்கினால் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல் வட்டத்துக்குப் போவார்கள், இல்லையென்றால் 123 மீட்டர் கோபுரம் உள்ள தேவாலயத்துக்கு. நான் இரண்டுக்கும் போகவில்லை. முதல் உலகப் போர்க்காலத்துக் குதிரை வண்டி ஒன்றைப் பழையபடி ஆக்குவதற்காக ஒரு பட்டறையில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், வந்தால் பார்க்கலாம் என்று நண்பர் சொல்லியிருந்தார். கல்லை அப்புறமும் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கேயும் போய்விடாது.

கிராமத்துக்குப் போகும் பேருந்தைத் தவறவிட்டதில் ஒன்றேகால் மணி நேரம் வீண். தப்பு என்னுடையதுதான், சனிக்கிழமை அட்டவணையைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன். வழி முழுக்கப் புல்வெளி. 1897 முதல் இந்தச் சமவெளியில் ராணுவம் நிலம் வாங்கிப் பயிற்சி நடத்திவருகிறது. நம்மூரில் மாடுகள் கடக்கும் இடம் என்று பலகை வைப்பது மாதிரி இங்கே டாங்கிகள் கடக்கும் இடம் என்று வைத்திருக்கிறார்கள்.

பட்டறைக்காரருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். கை குலுக்கும்போது உள்ளங்கை உளிப்பிடி மாதிரி இருந்தது. உள்ளே வண்டி என்று எதுவும் இல்லை. சுவரோரம் பலகைகள், ஒரு மூலையில் அச்சு, தரையில் நான்கு சக்கரங்கள். ஜி.எஸ். வேகன் என்று இதற்குப் பெயர், பொது உபயோக வண்டி என்று அர்த்தம். ரொட்டி, ஓட்ஸ், கூடாரம், குண்டு என்று எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு போனது. ஒன்றரை டன் வரை சுமை தாங்கும். போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படையிடம் இருந்த குதிரைகள் சுமார் 25,000. பண்ணைக் குதிரை, பால் வண்டிக் குதிரை என்று ஒன்றையும் விடாமல் வாங்கிப் போட்டு, 12 நாளில் அதை 1,65,000 ஆக்கினார்கள். குதிரை வந்தால் வண்டியும் வேண்டுமே. போர் முடிந்ததும் மிஞ்சிய வண்டிகளை ஏலம் விட்டார்கள், விவசாயிகள் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வண்டிக்கும் அதே கதைதான். ஏர்க்காலை அறுத்துவிட்டு டிராக்டரில் மாட்ட ஒரு கொக்கி, மேலே நீலச் சாயம். கடைசி முப்பது வருஷம் கோழிக் கொட்டகையாக இருந்ததாம். சாயத்தைச் சுரண்டியபோது நீலத்துக்குக் கீழே ஒரு பச்சை, அதற்கும் கீழே ராணுவப் பழுப்பு. மரத்தில் சூடு போட்ட மாதிரி ஓர் அம்புக்குறியும் 1915 என்ற எண்ணும். அம்புக்குறி இருந்தால் அரசாங்கச் சொத்து என்று பொருள். பழைய சாயத்தில் ஈயம் இருக்கும். அதனால் உலரத் தேய்க்கக் கூடாது, தண்ணீர் தெளித்து, முகமூடி கட்டிக்கொண்டுதான் தேய்க்க வேண்டும் என்றார். ஒரு பலகைக்கு இரண்டு நாள் ஆகுமாம்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சின்ன வருத்தம். இது ராணுவத்தில் இருந்தது மிஞ்சினால் நான்கைந்து வருஷம், பண்ணையில் கிடந்தது அறுபது எழுபது வருஷம். உரிமையாளருக்கு 1915 தான் வேண்டும், நீலம் வேண்டாம். காசு கொடுப்பவர் அவர், நாம் என்ன சொல்ல முடியும். ஆனால் பட்டறைக்காரர் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் உள்ளங்கை அளவு நீலத்தைச் சுரண்டாமல் விட்டிருந்தார். "அங்கே குனிந்து யார் பார்க்கப்போகிறார்கள்?" என்று கண்ணடித்தார்.

சரி, சக்கரத்துக்கு வருகிறேன். நான் மானாமதுரைப் பக்கத்துக்காரன். தாத்தாவிடம் இரட்டை மாட்டு வண்டி இருந்தது. நடுவில் குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால், அவற்றின் நுனியைச் சேர்க்கும் மர விளிம்பான வட்டை, அதன் மேல் இரும்புப் பட்டா, இந்த வார்த்தைகள் எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்பே வந்தவை. எங்களுக்கு எல்லாமே கருவேல மரம். இவர்களுக்கோ ஒரு சக்கரத்துக்கு மூன்று மரம். குடத்துக்கு எல்ம், அதன் நார் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருப்பதால் சுற்றிலும் துளை போட்டாலும் பிளக்காது. ஆரக்காலுக்கு ஓக், அதையும் ரம்பத்தால் அறுக்காமல் நார்வாக்கிலேயே பிளந்து எடுத்தால்தான் பலம். வட்டைக்கு ஆஷ், அடி விழுந்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஒரு வட்டைத் துண்டுக்கு இரண்டு ஆரக்கால் கணக்கு.

சக்கரம் தட்டையாக இல்லை, சாப்பாட்டுத் தட்டு மாதிரி லேசாகக் குழிந்திருக்கிறது. குதிரை நடக்கும்போது சுமை இடமும் வலமுமாக ஆடி ஒவ்வோர் அசைவிலும் குடத்தை வெளிப்பக்கம் தள்ளும். தட்டைச் சக்கரமென்றால் ஆரக்கால்கள் நாளடைவில் தளர்ந்துவிடும். குழிந்த சக்கரம் அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்ளும். அச்சின் முனையைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைத்திருப்பதால், தரையைத் தொடும் ஆரக்கால் மட்டும் அந்த நொடியில் நேர்செங்குத்தாக நிற்கும். பாரம் முழுவதும் அதன் தலையில்தானே.

இதைக் கேட்டுக்கொண்டே நான்காவது சக்கரத்தைப் புரட்டினேன். குடம் மரமில்லை, உலோகம். இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே ஆரக்கால்களின் அடிப்பாகம் ஆப்பு ஆப்பாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது, குறுக்கே போல்ட்டுகள். இதென்ன புது மாதிரி என்று கேட்டேன்.

"மெட்ராஸ் வீல்" என்றார்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டேன். மெட்ராஸ் தான். கம்பெனிக் காலத்தில் சென்னை ராஜதானியின் பீரங்கி வண்டிகளுக்குப் போட்ட சக்கரம் இது. நம் வெயிலில் மரக்குடம் காய்ந்து சுருங்கும், துளையில் இறுக்கமாக அடித்த ஆரக்கால் ஆட ஆரம்பிக்கும். உலோகக் குடத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஒரே ஓர் ஆரக்கால் உடைந்தாலும் போல்ட்டைக் கழற்றி, தட்டை எடுத்துவிட்டு, அதை மட்டும் மாற்றிவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் லண்டன் உல்விச்சில் இருந்த ராணுவ வண்டித் தொழிற்சாலை தன் பீரங்கி வண்டிகளுக்கும் இதே முறையை எடுத்துக்கொண்டது. பெயரையும் மாற்றவில்லை. நான் மெட்ராஸில் எட்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன், ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை. வில்ட்ஷயரில் ஒரு வெள்ளைக்காரர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவருக்கு இந்தக் குடத்தின் மேல் தனிப் பிரியம். காரணம் எல்ம் பஞ்சம். 1970களில் பரவிய பூஞ்சை நோயில் பிரிட்டனில் இரண்டரைக் கோடிக்கும் மேல் எல்ம் மரங்கள் பட்டுப்போயின. குடம் கடைகிற பருமனில் நல்ல எல்ம் துண்டு கிடைத்தால் அதிர்ஷ்டமாம். உலோகக் குடமென்றால் துருவைச் சுத்தம் செய்து, புது ஓக் ஆரக்கால் செதுக்கி அடுக்கினால் போதும்.

மதியம் பட்டா போட்டார்கள். அதற்காகத்தான் அன்று வரச் சொல்லியிருந்தார். சக்கரத்தின் சுற்றளவைக் கைப்பிடி வைத்த ஒரு சின்ன உருளையை ஓட்டி அளந்து, அதைவிட ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைவாக இரும்பு வளையத்தை அடித்துப் பற்றவைத்திருந்தார். வெட்டவெளியில் விறகு வட்டம். வளையம் செக்கச்செவேலென்று ஆனதும் மூன்று பேர் நீளக் குறடால் தூக்கி, இரும்புத் தட்டில் கிடந்த சக்கரத்தின் மேல் இறக்கினார்கள். வட்டை பற்றிக்கொண்டு எரிந்தது. உடனே தண்ணீர். நான்காவது வாளி என் கையில் இருந்தது, பாதியை என் செருப்பிலேயே ஊற்றிக்கொண்டேன். அப்புறம் ஒரு சத்தம். இரும்பு சுருங்கச் சுருங்க ஒவ்வோர் இணைப்பும் உள்ளே ஏறி நெரிகிற சத்தம். கண்ணை மூடியிருந்தால் எங்கள் ஊர் ஆசாரி வீட்டு வாசல்தான், வறட்டிப் புகை மட்டும் இல்லை.

தேநீர் நேரத்தில் இன்னொன்றும் சொன்னார். 1901இல் விக்டோரியா மகாராணியின் இறுதி ஊர்வலத்தில், விண்ட்சரில் சவப்பெட்டி வைத்த பீரங்கி வண்டியை இழுக்க வேண்டிய குதிரைகள் மிரண்டு வார் அறுந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மாலுமிகள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அவசரத்துக்குச் செய்தது வழக்கமாகிவிட்டது. 2022இல் எலிசபெத் மகாராணிக்கும் அதே வண்டி, இழுத்தவர்கள் 142 மாலுமிகள்.

ஐந்து மணிப் பேருந்தைப் பிடித்தேன், இந்த முறை அட்டவணையை இரண்டு தடவை பார்த்துவிட்டு. ரயிலில் உட்கார்ந்து உலோகக் குடத்தின் படத்தை மானாமதுரையில் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்பி, இது மெட்ராஸ் சக்கரம், உலகப் போருக்குப் போய்வந்தது என்று எழுதினேன். அங்கே இரவு பதினொன்றுக்கு மேல் ஆகியிருக்கும். இருந்தும் உடனே கூப்பிட்டுவிட்டார்.

"ஏன்டா தம்பி, குடத்தையே இரும்புல வார்த்துட்டா ஆசாரிக்கு அதுல என்னடா வேலை?"

ஆரக்கால் செதுக்கணுமே சித்தப்பா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"என்ன மரம்?"

ஓக் என்றேன். கருவேலத்துக்கு ஈடாகுமா என்று அதற்கப்புறம் பேஸிங்ஸ்டோக் வரும்வரை பேசிக்கொண்டிருந்தார்.