ஓட முடியாத நாட்களில் என் முதுகு ஒத்துக்கொண்டவை

முதுகு பிடித்து ஓட்டத்தை நிறுத்தியிருக்கிறேன் என்று சொன்னால் போதும். "சைக்கிள் மிதிக்கலாமே" என்பார் ஒருவர். "நீச்சல் ரொம்ப நல்லதாச்சே" என்பார் அடுத்தவர். அக்கறையில் சொல்வதுதான், கோபித்துக்கொள்ள முடியாது. ஆனால் குனிந்தால் வலிக்கிறதா, நிமிர்ந்தால் வலிக்கிறதா என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

எனக்குக் குனிந்தால் வலிக்கும். இடுப்பு முள்ளெலும்புகளில் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தியது. நடந்தால் பரவாயில்லை, நாற்காலியில் உட்கார்ந்தாலோ, சாக்ஸ் போடக் குனிந்தாலோ இடது கெண்டைக்கால் வரை சுரீர் என்று இழுக்கும். என்னோடு ஓடும் அக்கா ஒருவருக்கு நேர்மாறு. அவருக்குத் தண்டுவடப் பாதை குறுகியிருக்கிறது. நின்றால், நிமிர்ந்து நடந்தால் கால் கனத்துப் போகும், உட்கார்ந்தால் உடனே சுகம். சைக்கிளின் கைப்பிடியில் லேசாகச் சாய்ந்து மணிக்கணக்கில் மிதிக்கிறார். அதே சைக்கிள் எனக்குப் பத்து நிமிடத்தில் காலை மரத்துப்போக வைத்துவிடும். இரண்டுமே "முதுகு வலி"தான்.

அதனால் ஒரு பயிற்சி அதிர்வு குறைந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது. அதைச் செய்யும்போது முதுகு எந்த வளைவில் நிற்கிறது என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. என் பிசியோ (இயன்முறை மருத்துவர்) இன்னொரு அளவுகோலும் கொடுத்தார். "கால் வலி இடுப்புக்கு ஏறி வந்தா சந்தோஷப்படுங்க மேடம். இடுப்புல இருந்து காலுக்கு இறங்கினா அந்தப் பயிற்சியை அன்னைக்கே விட்டுடுங்க." இதன் பின்னால் ஒரு கதை உண்டு. 1956-இல் நியூசிலாந்து பிசியோ ராபின் மெக்கென்சியிடம் வந்த ஒரு நோயாளி, தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் தவறுதலாகக் குப்புறப் படுத்துக்கொண்டார். மெக்கென்சி வந்து பார்த்துத் திடுக்கிட்டால், ஆளுக்குக் கால் வலி போயிருந்தது. முதுகைப் பின்னால் வளைக்கும் பயிற்சிகளை அங்கிருந்துதான் அவர் வளர்த்தெடுத்தார்.

இனி, எனக்கு ஒத்துவந்தது: ஆழ்நீர் ஓட்டம். நீச்சல் குளத்தில், கால் தரையில் படாத ஆழத்தில், இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு, நின்ற நிலையில் ஓடுவது. தரையில் ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை ஏறுகிறது. தண்ணீரில் அடி வைப்பதே இல்லை. ஓட்டத்துக்கு இவ்வளவு நெருக்கமான மாற்று வேறில்லை என்பேன்.

ஆனால் சும்மா இறங்கிக் காலை ஆட்டினால் அது ஓட்டமாகாது. பட்டையை விலா எலும்புக்குக் கீழே நன்றாக இறுக்க வேண்டும். தளர்ந்தால் அக்குளுக்கு ஏறி வந்து கழுத்தை நெரிக்கும். உடம்பு நிமிர்ந்தே இருக்க வேண்டும். கொஞ்சம் களைத்ததும் நம்மை அறியாமல் முன்னால் சாய்ந்து, கையால் தண்ணீரை வாரத் தொடங்குவோம். அங்கே இடுப்பு மடங்கிவிடுகிறது, என் போன்றவர்களுக்கு வினையும் தொடங்குகிறது. கையை லேசாக மூடிக்கொண்டால் தண்ணீரை வாரும் ஆசை போய்விடும். முழங்காலைத் தூக்கி, காலைக் கீழே இறக்கிப் பின்னால் தள்ள வேண்டும். முன்னால் நகர்வது கண்ணுக்கே தெரியாது. பக்கத்துத் தடத்தில் அரட்டை அடித்தபடி நீந்துகிறவர்கள் முந்திப் போவார்கள், போகட்டும்.

கைக்கடிகாரத்தையும் நம்ப வேண்டாம். அதே அளவு பாடுபட்டாலும் தண்ணீரில் இதயத்துடிப்பு நிமிடத்துக்குப் பத்துக்கும் மேல் குறைவாகக் காட்டுவது வழக்கம். மூச்சை வைத்து அளக்கலாம். ஒரு நிமிடம் பேச முடியாத வேகம், அரை நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றிச் செய்தால்தான் சலிப்பும் குறையும். சலிப்பு இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை.

குளம் கிடைக்காத நாளில் நடை. ஏற்றம் வைத்த டிரெட்மில்லில் வேகமாக நடந்தால், ஓட்டத்தின் குதிப்பு இல்லாமலே மூச்சு வாங்கும். கம்பியைப் பிடித்துத் தொங்காமல் நடந்தால்தான் பலன். பாதம் மிதியை விட்டு எழாமலே நின்றபடி காலை வீசும் எலிப்டிக்கல் இயந்திரமும் ஒத்துவந்தது. துடுப்புப் போடும் இயந்திரத்தை நான் தொடுவதில்லை: குனிந்தபடியே பாரம் இழுக்கும் வேலை, பிதுங்கிய டிஸ்க் வேண்டாம் என்று சொல்வது அதைத்தான். நீச்சலில் மார்பு நீச்சலும் பட்டாம்பூச்சி நீச்சலும் முதுகைப் பின்னால் வளைப்பவை, அக்காவுக்கு ஆகாது.

இந்தப் பேச்சு வந்தாலே ஓட்டக்காரர்கள் அமெரிக்க மாரத்தான் வீராங்கனை ஜோன் பெனாய்ட்டை இழுப்பார்கள். 1984-இல் ஒலிம்பிக் தகுதி மாரத்தானுக்கு 17 நாள் முன்னால் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, கையால் சுற்றும் சைக்கிளில் பயிற்சி செய்து, தகுதி ஓட்டத்தையும் வென்று, லாஸ் ஏஞ்சலஸில் தங்கமும் வாங்கினார். அவருக்குக் கெட்டது முழங்கால். உட்கார்ந்து கை சுற்றுவது என் டிஸ்க்குக்குத் தண்டனை.

நேரமும் முக்கியம். இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவதைத் தவிர்த்ததே எனக்குப் பாதி வலியைக் குறைத்தது. ஒரு பயிற்சி ஒத்துவந்ததா என்பதையும் மறுநாள் காலை சாக்ஸ் போடும்போதுதான் முடிவு செய்கிறேன்.

ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாதது: தொடை இடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது. அப்போது மாற்றுப் பயிற்சி தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது ஒரு நிமிடம் ஓட்டம், சில நிமிடம் நடை என்று தரைக்குத் திரும்பியிருக்கிறேன். குளத்தையும் விடவில்லை; வேகப் பயிற்சி முழுவதும் அங்கேதான். இறக்கத்தில் ஓட பிசியோ இன்னும் சம்மதிக்கவில்லை.