வேடியப்பன் கல்லும் எங்கள் இரண்டாமாண்டு வகுப்பும்

ஜனவரி 3, 2025, வெள்ளி

டிசைன் படிக்கும் என் மாணவர்களுக்கு "நம்ம ஊர் மரபு" என்று போஸ்டர் பயிற்சி கொடுத்திருந்தேன். வந்த 18-ல் 11 போஸ்டரில் இணையத்திலிருந்து இறக்கிய அதே வட்டப் பூ. கிருஷ்ணகிரி என்ற பெயரை அழித்துவிட்டு ஜெய்ப்பூர் என்று போட்டால்கூடப் பொருந்தும். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. 1919-ல் ஜெர்மனியின் வைமாரில் தொடங்கிய பௌஹௌஸ் என்ற டிசைன் பள்ளிக்குப் பாடத்திட்டத்தில் ஒரு முழு அலகு இருக்கிறது. அதை ஆசையாகத்தான் நடத்துகிறேன். மார்கழி முழுக்க நம் வாசலில் விழுகிற கோலத்துக்கு அதில் ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

ஜனவரி 6, திங்கள்

பர்கூர் பக்கமிருந்து வரும் மாணவியின் அம்மாவை அழைத்திருந்தோம். வராந்தாவில் தண்ணீர் தெளித்து, ஈரம் காய்வதற்குள் புள்ளி வைத்தார். 7 புள்ளி, இடுக்குப்புள்ளி, 4 வரை. நடுவில் 7, மேலும் கீழும் 6, 5, 4. மொத்தம் 37. அளவுகோல் கிடையாது. முதல் இரண்டு புள்ளிக்கு நடுவே விட்ட இடைவெளிதான் அளவு. மற்ற 35-ம் அதற்குக் கட்டுப்பட்டன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவு இறங்க, சிக்குக் கம்பி ஒரு புள்ளியையும் தொடாமல் எல்லாவற்றையும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

"கிரிட் எங்கம்மா?" என்றான் ஒருவன், பக்கத்தை அளந்து பிரிக்கும் கட்டக் கோடுகளை நினைத்து. அவருக்குச் சொல் புரியவில்லை. "புள்ளி தப்பாம வச்சிட்டா கோலம் தன்னால வந்துடும் கண்ணு" என்றார். கிரிட் பாடத்துக்கு நான் இரண்டு வாரம் எடுத்துக்கொள்வது வழக்கம்.

கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கோலத்தின் விதிகளைக் கணினி அறிவியலின் இலக்கணமாக எழுதி 1974-லேயே கட்டுரை வெளியிட்டதைச் சொன்னேன். அந்த அம்மா தலையாட்டிவிட்டு மாவுக் கிண்ணத்தைக் கழுவப் போனார்.

ஜனவரி 12, ஞாயிறு

பஸ் பிடித்து ஒரு கிராமத்துக்குப் போனோம். புளியமரத்தடியில் இடுப்பளவு நடுகல், சண்டையில் இறந்த வீரனுக்கு நட்ட கல். இங்கே அதை யாரும் நடுகல் என்பதில்லை, வேடியப்பன்தான். "செருப்ப அங்கயே விட்டுட்டு வாங்க" என்றார் ஒரு பெரியவர். மஞ்சளும் எண்ணெயும் ஏறி வழவழவென்றிருந்தது. கல்மேல் தாளை ஒட்டி மை ஒற்றி மைப்படி எடுக்கும் எண்ணமே இல்லை. பென்சிலும் கண்ணும் போதும்.

ஒரு மணி நேரம் பேச்சில்லாமல் வரைந்தார்கள். வீரன் கல் முழுக்க நிற்கிறான், இடக்கையில் வில், வலக்கையில் வாள். அவன் மீட்ட மாடுகள் காலடியில் உள்ளங்கை அளவு. எது முக்கியமோ அது பெரிது. எழுத்துக்குத் தனிக் கட்டம் இல்லை. தலைக்கு மேல் தொடங்கி, வில்லுக்கும் கல்லின் விளிம்புக்கும் இடையில் கிடைத்த சந்தில் வளைந்து இறங்குகிறது. தமிழின் பழைய எழுத்தான வட்டெழுத்து, மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லாமல். "தொறு மீட்டுப் பட்டான்" என்பது இப்படிப்பட்ட கற்களில் அடிக்கடி வருகிற வாசகம். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான் என்றதும் பெரியவர் கல்லை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

ஜனவரி 20, திங்கள்

இன்று சங்கடமான நாள். ஒரு மாணவன் அந்த வீரனை அப்படியே கோட்டோவியமாக்கி டீக்கடை லோகோ செய்திருந்தான். வேலை சுத்தமாக இருந்ததால் வாய்விட்டுப் பாராட்டிவிட்டேன். பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "சார், அது எங்க குலசாமி. டீ கப்புல போட்டுக் குடிச்சிட்டுக் கசக்கிப் போடுவாங்களா?"

வகுப்பு அடங்கிவிட்டது. தப்பு என்னுடையது. எடுத்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்தேனே தவிர, எதைத் தொடக் கூடாது என்று பேசவே இல்லை. கல்லைக் கண்டு தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் அடுக்குகிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. அத்தனை மரியாதையோடு நட்டவர்களின் வாரிசு என் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளை நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். லோகோ செய்தவன் தானாகவே அதை எடுத்துவிட்டான். சாமியை விட்டுவிடுவோம், கல்லில் இடத்தைப் பங்கிட்ட முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று பேசி முடித்தோம். அந்தப் பெண்தான் முதலில் சரி என்றாள்.

பிப்ரவரி 3, திங்கள்

அதே பையன் தன் ஊர் எருது விடும் விழாவுக்கு நோட்டீஸ் செய்து வந்தான். வழக்கமாக அதில் முப்பது பேர் முகம் இருக்கும், மாடு ஒரு மூலையில். இவன் தாள் முழுக்கக் காளையை நிறுத்தி, ஆட்களைக் காலடியில் விரல் உயரத்துக்கு வைத்திருக்கிறான். எழுத்து கொம்புக்கு மேலே தொடங்கி, திமிலைச் சுற்றி, முதுகோடு ஒட்டி இறங்குகிறது. அந்த வளைவுக்காக 'ழ'வின் வாலை மட்டும் ஏழெட்டு முறை கையால் எழுதிப் பார்த்திருக்கிறான்; தாளெல்லாம் அழித்த தடம்.

விழாக் கமிட்டியில் காட்டியபோது, "மாடு ஜோரா இருக்குது தம்பி, பரிசு எவ்ளோன்னு தெரியலயே" என்றார்களாம். சாயங்காலம் வரை லேபில் இருந்து, பரிசுத் தொகையைக் காளையின் கழுத்து மணிகளுக்குள் ஒவ்வொரு இலக்கமாக வைத்துக்கொண்டிருந்தான். வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கச் சொல்ல, இன்னும் பத்து நிமிஷம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன்.