வைஃபை அட்டை எழாதபோது கெர்னலின் குறிப்பைப் படியுங்கள்

லினக்ஸ் மடிக்கணினி தொடங்கும்போது வைஃபை மட்டும் எழவில்லை என்றால், அட்டையை மாற்றக் காசு செலவழிக்கும் முன் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதி வைத்திருக்கும் குறிப்பைப் படித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். காட்பாடியில் எங்கள் தெருவில் குடியிருக்கும் கல்லூரி மாணவி ஒருவர் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 11 நிறுவியிருந்தார். "கார்டு போயிடுச்சு, மாத்தணும்னு வேலூர் கடைல சொல்லிட்டாங்கண்ணா" என்று கவலையோடு வந்தார்.

கணினியில் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளை கொடுத்ததும் ரியல்டெக் நிறுவன வைஃபை அட்டையின் பெயர் பட்டியலில் வந்தது. அடியோடு பழுதான அட்டை பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்கே வராது என்பதால், அப்போதே எனக்கு நம்பிக்கை பிறந்தது. அடுத்து, கெர்னலின் குறிப்புகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையின் வெளியீட்டில் ஃபர்ம்வேர் (firmware) என்ற சொல்லைத் தேடினோம். கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை -2 என்று ஒரு வரி நின்றது. கோப்பே இல்லை என்பதுதான் -2 இன் பொருள். அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருள் கெர்னலோடு வந்துவிடுகிறது. ஆனால் அட்டைக்குள் இருக்கும் சிறு செயலிக்கான மென்பொருளாகிய ஃபர்ம்வேரை, மின்சாரம் பாயும் ஒவ்வொரு முறையும் வட்டிலிருந்து எடுத்து ஊட்ட வேண்டியிருக்கிறது. அது கட்டற்ற மென்பொருள் அல்ல என்பதால் டெபியன் 11 வரை அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்கப்படவில்லை. 2022 இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து நிலையை மாற்றினார்கள். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல் அது நிறுவியிலேயே கிடைக்கிறது. புதியவர்களை இவ்வளவு காலம் தவிக்க விட்டிருக்க வேண்டாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இணையத்தைப் பெறுவதற்கான கோப்பை இறக்கவே இணையம் வேண்டும் என்ற சிக்கலுக்குக் கைப்பேசி போதும். யூஎஸ்பி கேபிளில் இணைத்து, கைப்பேசியின் இணையத்தைப் பகிரும் டெதரிங்கை இயக்கினால், லினக்ஸ் அதைக் கம்பிவழி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். மென்பொருள்களை நிறுவும் ஆப்ட் (apt) கருவியின் மூலப் பட்டியலில், கட்டற்றவை அல்லாத மென்பொருள்களுக்கான நான்-ஃப்ரீ (non-free) பகுதியைச் சேர்த்து, ஃபர்ம்வேர்-ரியல்டெக் (firmware-realtek) தொகுப்பை நிறுவி, மறுதொடக்கம் செய்தவுடன் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் எல்லாம் திரையில் வரிசையாக வந்தன.

ஃபர்ம்வேர் சரியாக ஏறியும் இணைப்பு வராவிட்டால் வைஃபை தடுக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் (rfkill) கட்டளையின் பட்டியலைப் பாருங்கள். மென்பொருள் வழியான மென்தடையைக் கட்டளையால் நீக்கலாம், வன்பொருள் வழியான வன்தடைக்கு மடிக்கணினியின் வைஃபை விசையைத் தேட வேண்டும். விண்டோஸும் உடன் இருந்தால், அதிலுள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிடுங்கள். அது கணினியை முழுதாக நிறுத்தாததால், சில அட்டைகள் லினக்ஸுக்கு எழ மறுக்கின்றன. டிமெசேஜில் -2 க்குப் பதிலாக -110 வந்தால், அட்டை உரிய நேரத்தில் பதில் தரவில்லை என்று பொருள். அப்போது மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, அட்டையைக் கழற்றி மீண்டும் பொருத்திப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கடைக்குக் கொண்டு போகலாம்.