ரெப்போவும் நகைக்கடனும்

கொரோனாவால் சரிந்த பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்துவதற்காக 2020 மே மாதம், வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான ரெப்போ வட்டியை 4 விழுக்காடாகக் குறைத்த ரிசர்வ் வங்கி, அதை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அப்படியே வைத்திருந்தது. கடன் மலிந்தால் தொழில் பெருகும், தொழில் பெருகினால் கூலி கிடைக்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு குமரி மாவட்டத்தில் பாதிதான் பலித்தது என்பது என் கருத்து.

2019 அக்டோபருக்குப் பிறகு வங்கியில் மாறும் வட்டிக்கு வீட்டுக்கடன் வாங்கியவருக்குப் பலன் விரைவில் வந்தது. ரெப்போவோடு இணைந்த இத்தகைய கடன்களின் வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வங்கிகள் திருத்தியாக வேண்டும். ஆனால் அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கும் பெண் வாங்கிய குழுக்கடனையோ, ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி வட்டிக்காரரிடம் வாங்கிய கைமாற்றையோ ரெப்போ எட்டவில்லை. வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பிய பணத்தை வைப்புநிதியில் போட்டுவிட்டு அந்த வட்டியில் வாழும் முதியோருக்கோ அது நட்டமாகவே முடிந்தது. 2020-21இல் சில்லறை விலைவாசி சராசரியாக 6.2 விழுக்காடு உயர்ந்தது. வைப்புநிதி வட்டி அதற்குக் கீழே இருந்தது. மீட்சிக்கான செலவில் ஒரு பங்கை அவர்கள் தலையில் கட்டினார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

எங்கள் பக்கத்தில் உண்மையில் பணத்தை இறக்கியது, அதிகம் பேசப்படாத வேறோர் அறிவிப்பு. 2020 ஆகஸ்டில், வேளாண்மை அல்லாத தேவைகளுக்கான நகைக்கடனில் நகை மதிப்பில் 75 விழுக்காடு வரை என்றிருந்த வரம்பை வங்கிகளுக்கு மட்டும் 90 விழுக்காடாக ரிசர்வ் வங்கி உயர்த்தியது. பீரோவில் நகையும் கையில் வேலையின்மையும் இருந்த வீடுகளுக்கு, ஒரு லட்ச ரூபாய் நகைக்குக் கூடுதலாகப் பதினைந்தாயிரம் கிடைத்தது. அந்தச் சலுகை 2021 மார்ச் இறுதியில் முடிந்தது. இடைப்பட்ட மாதங்களில், உச்சத்தில் இருந்த தங்கம் விலை இறங்கியதால் நகைக்கும் கடனுக்கும் இடையே இருந்த இடைவெளி சுருங்கிப்போனது. தாராளமாகக் கொடுத்த கடன் மீட்க முடியாத நகையாகவும் மாறக்கூடும் என்பதை அப்போதே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

2025 ஜூன் 6 அன்று ரெப்போ அரை விழுக்காடு குறைந்து 5.50 ஆனபோது தலைப்புச் செய்தி அதுவாகத்தான் இருந்தது. அதே நாளில் வெளியான நகைக்கடன் நெறிமுறைகளையே நான் முதலில் படித்தேன். இரண்டரை லட்சம் வரையிலான நுகர்வுக் கடனுக்கு நகை மதிப்பில் 85 விழுக்காடும், ஐந்து லட்சம் வரை 80 விழுக்காடும், அதற்கு மேல் 75 விழுக்காடும் வரம்பு. கடன் தொகை கூடக் கூட வரம்பு குறைவது சரியான முறைதான். ஆனால் தவணை முடியும்போது அசலையும் வட்டியையும் சேர்த்துக் கட்ட வேண்டிய கடனில், சேரும் வட்டியையும் உட்படுத்தியே இந்த வரம்பைக் கணக்கிட வேண்டும் என்பதால், அடகு வைக்கும் அன்று கைக்கு வருவது அந்த 85ஐ விடக் குறைவாகவே இருக்கும்.